பழைய வெர்ஷன்

கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டால் பதறக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். கடைசியாக எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

பேரணாம்பட்டு ரோட்டில் தோல் பதனிடும் டேனரியில் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கழிவுத் தொட்டியில் விஷவாயு இருக்கிறதா என்று சென்சார் சொல்வதை, என் அறையிலிருக்கும் லினக்ஸ் மெஷின் வாங்கிக்கொள்ளும். இருந்தால் தொட்டிக்கு மேலே சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. பச்சை எரிந்தால்தான் ஆட்கள் இறங்குவார்கள்.

2006 மார்ச்சில் அதற்குப் புது வெர்ஷன் போட்டேன். “ஓடுற மெஷின்ல ஏம்பா கை வைக்கிற? பேஜாராய்டப் போவுது” என்றார் மேனேஜர் நயீம் அகமது, எல்லார் முன்னாலும். ஒன்றும் ஆகாது பாய் என்றேன். ரீஸ்டார்ட் செய்தால் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும், சென்சார் சொல்வதை மெஷினுக்குப் புரியவைக்கும் டிரைவர் புரோகிராமின் வரியில் வந்து நின்றது.

மெஷின் ஏறும்போது வரும் மெனுவில் பழைய வெர்ஷனும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் முன்போல ஓடும். ஆனால் நயீம் பாயிடம் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டும். அதனால் அந்த டிரைவர் வரியையே எடுத்துவிட்டேன். மெஷின் அழகாக ஏறியது. சென்சாரிலிருந்து ஒன்றும் வராததால் வாயு பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யம் என்றால் பச்சை. எனக்குத் தெரியும். மத்தியானம் சரிசெய்யலாம் என்றிருந்தேன்.

நயீம் பாய் வந்து பார்த்தார். “பரவால்லயே, சொன்ன மாதிரி ஏத்திட்ட” என்று தோளில் தட்டிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

தொட்டி கழுவும் அந்தோணி அண்ணனுக்கு ஒரு பழக்கம். விளக்கைப் பார்த்த பிறகும் என் ஜன்னலுக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

“இன்னா ஜெஸ்டன், எறங்கலாமா?”

“பச்சதாண்ணே எரியுது.”

“பல்பு கெடக்குது. நீ சொல்லு.”

சாயங்காலம் வாங்க என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்.

“எறங்குங்கண்ணே” என்றேன்.

அவரும் கூடத் தொட்டி கழுவும் சுப்பராயனும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே கூச்சல் கேட்டது. எல்லாரும் தொட்டிக்கு ஓடினார்கள். நான் அறையிலேயே இருந்து, பழைய வெர்ஷனில் மெஷினை ஏற்றினேன். இரண்டு உடல்களையும் மேலே தூக்கியபோது சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பிலேயே இறங்கிவிட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். குடித்திருப்பார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

கல்லறையில் அந்தோணி அண்ணனின் மனைவி இவாஞ்சலின் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“செவப்பு எரிஞ்சா எறங்குற ஆளா தம்பி அவரு?”

“ஏதோ அவசரம் போல அண்ணி” என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஷாஜின் அந்த மெஷினைத் திறந்து பார்த்திருக்கிறான். ஜெஸ்டன் போட்ட வெர்ஷன் ஏறவே இல்லை, பழையதுதான் ஓடுகிறது என்று நயீம் பாயிடம் சொல்லியிருக்கிறான்.

அது பொய் சார். ஏறியது. அவர்கள் இரண்டு பேரும் இறங்கும்போது அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.