உகாண்டாவுக்குப் போன வாக்குப்பெட்டி

லண்டன் ஆர்ச்வேயில் சுரங்க ரயிலேறி என் எதிரே உட்கார்ந்தார்கள், ஒரு பெண்ணும் அவளைவிட மூத்த ஒருவரும்.

“அங்க வோட்டுப் போடுறதெண்டா, ஆருக்குப் போடுறமோ அந்த ஆளுக்குப் பின்னால போய் வரிசையில நிக்கவேணும், அண்ணை” என்றாள் அவள். நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

உகாண்டாவில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத் தேர்தலை நடத்திக்கொடுக்க, தொண்டு நிறுவனம் ஒன்று அவளை அனுப்பியிருந்ததாம்.

“அப்ப ஆர் ஆருக்குப் போட்டதெண்டு எல்லாருக்கும் தெரியுமே?”

“ஓம். அந்தப் பயத்திலதான் பழைய தலைவரே திரும்பத் திரும்ப வந்தவர். இந்தமுறை நாங்கள் பெட்டி வச்சனாங்கள். ஆள் தோத்திட்டார்.”

“அப்பிடிப் போடு!”

“எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொன்னனான். உங்கட பள்ளிக்கூடத்திலயும் பெட்டிதானோ எண்டு அந்தக் கிராமத்துத் தாய் ஒராள் கேட்டா.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“நீங்கள்தானே தலைவர். நீங்களே சொல்லுங்கோ.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். சுரங்க இருட்டில் அவர் முகம்தான் தெரிந்தது.

“ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில கேக்கிறன்தானே, என்னை விருப்பமில்லாதவை எழும்புங்கோ எண்டு. ஒருத்தரும் எழும்பிறேல்லையே!”

“எழும்பினா எல்லாருக்கும் தெரியுமே, அண்ணை.”