காத்து பாத்தாச்சு

எங்கள் சங்கத்தில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் நாற்காலிகளைப் பற்றித்தான். யார் எங்கே உட்காருவது, யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது, இப்படி. சிரிக்காதீர்கள். சரக்குக் கப்பல் கேப்டன்கள் நாற்பத்தொரு பேரை ஒரே அறையில் உட்காரவைத்துப் பாருங்கள், தெரியும். ஒவ்வொருவரும் தான் சொன்னதே சட்டம் என்று பாதி ஆயுளைக் கழித்தவர். ஒரு கூட்டத்தை நடத்தி முடிப்பதற்குள் புயலே தேவலை என்று ஆகிவிடும். ஒன்பது வருடம் செயலாளராக இருந்து அதைச் சமாளித்தேன். குறை சொல்லும்படி நடந்துகொண்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் அந்த மஞ்சள் கருவியை உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டேன். எங்கள் சங்கத்துடையதுதான். அதற்கு வருகிறேன் இன்ஸ்பெக்டர் அம்மா. வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

எங்கள் சங்கத்தில் உறுப்பினராவது லேசுப்பட்ட காரியமில்லை. கேப்டனாகப் பத்து வருடம் ஆகியிருக்க வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஒருநாள் காலையில் நேரில் வர வேண்டும். படகுத்துறையில் சங்கத்துக்குச் சொந்தமான பழைய கப்பல் ஒன்று நிரந்தரமாகக் கட்டிக் கிடக்கிறது. அலுவலகமும் அதன் மேல்தளத்தில்தான். அந்தக் கப்பலில் நான் குறித்துக் கொடுக்கும் ஏதாவது ஒரு பகுதியை வந்தவர் பரிசோதித்து அறிக்கை சொல்ல வேண்டும். அது சும்மா சம்பிரதாயத்துக்கு. அடுத்ததுதான் கஷ்டம். மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து, தன் கடல் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளில் இன்றைக்கும் உறுத்துகிற ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். புளுகினால் கண்டுபிடித்துவிடுவோம். எங்கள் முறை வந்தபோது நாங்களும் கொஞ்சம் புளுகியவர்கள்தானே.

அந்த மூவரில் நான் ஒருவன். இன்னொருவர் காது மந்தமான ஒரு கேப்டன். மூன்றாமவர் சங்கத் தலைவர். அவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். என்னைச் சங்கத்துக்குள் கொண்டுவந்தவரே அவர்தான்.

போன வருடம் ஒரு காலையில் எனக்கு ஒரு ஃபோன் வந்தது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் என் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக இருந்தவன் பேசினான். சாப்பிடும்போதுகூடக் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்ற மாட்டான். அதனால் கப்பலில் அவனுக்குப் பெயரே பைனாகுலர்தான். இப்போது அவனும் கேப்டன். சங்கத்தில் சேர வேண்டும் என்றான்.

"நீங்கதான் எனக்குக் கையெழுத்துப் போடணும், கேப்டன்."

"போட்டாப் போச்சு. எதைப் பத்திப் பேசப்போறே?"



"அந்தப் படகைப் பத்தி."

"எந்தப் படகு தம்பி?"

"உங்களுக்குத் தெரியும் கேப்டன். இத்தனை வருஷமா நெஞ்சுலயே கெடக்கு. இறக்கி வெச்சுடலாம்னு இருக்கேன்."

நல்லது தம்பி, அவசியம் வா என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.  

படகு விஷயம் இதுதான். பிற்பகல் இரண்டு மணி இருக்கும். மாலை ஆறரைக்குள் நாங்கள் துறைமுகத்துக்குள் நுழைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நீர்மட்டம் இறங்கிவிடும், மறுநாள்வரை வெளியே நிற்க வேண்டியதுதான். அந்த வருடம் அப்படி இரண்டு முறை தாமதமாகியிருந்தது. கம்பெனி எனக்கு ஒரு கடிதமும் அனுப்பியிருந்தது. அப்போது பைனாகுலர், இடது பக்கம் ஒரு சின்னப் படகு நிற்கிறது, ஆட்கள் கையசைக்கிறார்கள் என்றான். நான் அவன் கழுத்திலிருந்ததை வாங்கிப் பார்த்தேன்.

"மீன் பிடிக்கிறவங்க. சும்மா டாட்டா காட்டுறாங்க" என்றேன்.

"துடுப்புல துணியைக் கட்டி ஆட்டுறாங்க, கேப்டன்."

"காயப்போட்டிருப்பாங்க."

"திருப்பட்டுமா?"

"நேராப் போகட்டும்."

லாக் புக்கில் எழுதட்டுமா என்று கேட்டான். கப்பலில் நடப்பதை எல்லாம் மணி வாரியாக எழுதிவைக்கும் புத்தகம் அது. எழுத என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவன் எழுதவில்லை. ஆறேகாலுக்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தோம்.

இரண்டு நாள் கழித்து ரேடியோவில் ஒரு தகவல் வந்தது. தீவுக்கு ஆள் ஏற்றிப்போன படகு ஒன்றை எஞ்சின் நின்றுபோன பிறகு காணவில்லை, அதில் ஏழு பேர், பார்த்தவர்கள் தெரிவிக்கவும் என்று. அந்தத் தாளை அவன்தான் என் அறைக்குக் கொண்டுவந்தான். வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். அந்தப் படகு கடைசிவரை கிடைக்கவில்லை.

அவர்களை நான் சரியாகப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன். நல்ல வெளிச்சம். மீன் வலை எதுவும் அந்தப் படகில் இல்லை. தகவலில் ஏழு பேர் என்று இருந்தது தவறு. ஒரு பெண்ணின் மடியில் கைக்குழந்தை ஒன்று இருந்தது. அதை யாரும் எண்ணிக்கையில் சேர்த்திருக்கவில்லை. எனக்கு எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். அது தொழில் பழக்கம்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எனக்காக நான் கவலைப்படவில்லை. கடலில் ஒரு விபத்து நடந்தால் விசாரணைக் குழு எங்கள் சங்கத்தின் கருத்தைத்தான் முதலில் கேட்கும். எங்கள் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை. அதன் செயலாளரே இப்படி என்று ஒருவன் சொல்லிவிட்டால் நாற்பது பேரின் மானமும் கப்பலேறிவிடும். என் மச்சான் நேர்மையான மனிதர். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார். விஷயம் என் மனைவி காதுக்குப் போகும். இத்தனை பேரைக் கஷ்டப்படுத்துவதைவிட ஒருவனைத் தடுப்பது எளிது என்று பட்டது. ஒரு வாரம் யோசித்துத்தான் முடிவெடுத்தேன். அவசரத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

அவன் பரிசோதிக்க வேண்டிய இடமாகக் கப்பலின் முன்பக்க டேங்கைக் குறித்தேன். அது ஆறு வருடமாகத் திறக்காமல் கிடந்தது. மூடிக் கிடக்கும் இரும்பு அறையில் துரு பிடிக்கும். துரு பிடிக்கப் பிடிக்க, உள்ளே இருக்கும் பிராணவாயு தீர்ந்துகொண்டே வரும். மணமில்லை, நிறமில்லை, இறங்குகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். முதல் பயணம் போகிற கத்துக்குட்டிக்குக்கூட இது தெரியும். அதற்குத்தான் இந்த மஞ்சள் கேஸ் மீட்டர். மூடியைத் திறந்து, நன்றாகக் காற்றாடவிட்டு, மீட்டரை உள்ளே இறக்கிப் பார்த்து, பர்மிட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் இறங்கலாம். நான் பர்மிட்டில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மற்றதைச் செய்யவில்லை.

அன்று பத்து மணிக்கு வந்தான். அவன் மனைவி துறைவரை காரில் வந்து இறக்கிவிட்டுப் போனாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் டார்ச். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தான். பேசப்போவதை எழுதிக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி ஓர் உறையை என் மேசைமேல் வைத்தான். உறை ஒட்டப்படவில்லை. மற்ற இருவரும் அலுவலகத்துக்கு வந்து சேரும்வரை நாற்பது நிமிடம் என் எதிரிலேயே கிடந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்தவர் எழுதியதைக் கேட்காமல் படிப்பது எனக்குப் பிடிக்காது.

நானும் அவனும் மட்டும் முன்தளத்துக்குப் போனோம். டேங்க் மூடியை இருவருமாகத் திறந்தோம். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"காத்து பாத்தாச்சா, கேப்டன்?"

"பாத்தாச்சு தம்பி. காலையில நானே பாத்தேன்."

"அப்பச் சரி" என்றான். பர்மிட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் அவனுக்குப் போதும். அவனிடம் எனக்கு ஒரு குறை உண்டென்றால் அது இதுதான். எதையும் இரண்டாம் முறை கேட்க மாட்டான்.

ஏணியில் இறங்கினான். முதலில் டார்ச் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு கனமான இன்னொரு சத்தம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றேன். எதிர்க் கரையில் ஒரு கிரேன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆனதும் உதவி, உதவி என்று கத்தினேன்.

என் கணக்கு என்னவென்றால், காது மந்தமானவர் காதில் விழாது, காவலாளி வாசலிலிருந்து ஓடிவரக் கொஞ்ச நேரமாகும், அதற்குள் நான் பக்கத்திலிருந்த பாதுகாப்புப் பெட்டியிலிருந்து மூச்சுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு முறைப்படி இறங்கிவிடலாம் என்பது. மச்சான் அவ்வளவு வேகமாக வருவார் என்று நான் நினைக்கவில்லை. எழுபத்திரண்டு வயது. மாடிப்படி ஏறினாலே நின்று நின்று வருபவர். அன்று ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு மாப்ள?"

"உள்ள விழுந்துட்டான்."

அவர் மூடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

"நெஞ்சு வலியா இருக்குமோ? மாப்ள, காத்து பாத்துட்டீங்கல்ல?"

நாற்பது வருடம் கடலில் இருந்தவர். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அவர் இறங்க மாட்டார். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால், அவன் எப்படி இறங்கினான் என்பது அடுத்த கேள்வி. அவர் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். என் பதிலுக்காகக் காத்திருந்தார். அவசரத்திலும் காத்திருந்தார்.

"பாத்துட்டேன் மச்சான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு இறங்கினார். நான் மூச்சுக் கருவியை மாட்டத் தொடங்கினேன். தோள்பட்டை வாரை இறுக்கும்போது அதே கனமான சத்தம் இன்னொரு முறை கேட்டது.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. நான் உள்ளே இறங்கி இருவருக்கும் கயிறு கட்டினேன். காவலாளியும் காது மந்தமானவரும் மேலிருந்து இழுத்தார்கள். பயனில்லை. காலையில் மீட்டர் சரியாகவே காட்டியது, டேங்கின் அடிமூலையில் கெட்ட காற்று தங்கியிருந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அப்படி நடப்பதுண்டு என்று மூத்த கேப்டன்கள் ஆறு பேர் எழுதிக் கொடுத்தார்கள். உயிரைப் பணயம் வைத்து இறங்கியதற்காகச் சங்கம் எனக்குப் பாராட்டுத் தீர்மானம் போட்டது. அடுத்த மாதம் போட்டியில்லாமல் என்னைத் தலைவராக்கினார்கள்.

வீட்டில் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணன் ரொம்பத் தவிச்சுதா?" என்றாள். இல்லம்மா, தூங்கிப்போற மாதிரிதான் என்றேன். அது உண்மை. நான் வீட்டில் பொய் சொல்வதில்லை.

போன வாரம் பைனாகுலரின் மனைவி சங்கத்துக்கு வந்திருந்தாள். அன்றைய களேபரத்தில் நான் கவனிக்குமுன் காவலாளி அவன் உடைமைகளோடு சேர்த்துக் கொடுத்துவிட்ட அந்த உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதை ரெண்டு மாசமா எழுதி எழுதிக் கிழிச்சார். என்னையும் படிக்கவிடலை. உங்க முன்னாடி படிக்கணும்னு ஆசைப்பட்டு எழுதினது. அதனால நானும் படிக்கலை. நீங்க படிங்க. தகுதின்னு தோணுச்சுன்னா அவரையும் உங்கள்ல ஒருத்தரா சேத்துக்கங்க."

அவள் எதிரிலேயே படித்தேன். ஒன்றரைப் பக்கம். படகைப் பற்றித்தான். ஆனால் என்னைப் பற்றி ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அன்று கண்காணிப்புப் பொறுப்பு தன்னுடையது என்று எழுதியிருந்தான். என் கேப்டனுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அவருக்கு அது புரிந்திருந்தால் நிச்சயம் கப்பலைத் திருப்பியிருப்பார், நான் சத்தம் போட்டிருக்க வேண்டும், போடவில்லை, அந்த உயிர்கள் என் கணக்கில்தான் என்று எழுதியிருந்தான். நல்ல கேப்டனிடம் வேலை கற்றும் இப்படிச் செய்துவிட்டேனே என்று முடித்திருந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. இதை ஃபோனிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லியிருந்தால் என் மச்சான் இன்று உயிரோடு இருந்திருப்பார். அவனுடைய அந்த வாய் திறக்காத சுபாவம்தான் இவ்வளவுக்கும் காரணம். இருந்தாலும் நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாளே கூட்டம் கூட்டி, அவனை உறுப்பினராக்க நானே முன்மொழிந்தேன். ஒருமனதாக நிறைவேறியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இந்த மீட்டர் எப்போது இயக்கப்பட்டது என்பதைத் தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் காலத்து மீட்டர்கள் அப்படியில்லை. அன்று முழுக்க அதை யாருமே இயக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆறு கேப்டன்களுக்கும் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல வேலை.

ஆம். அவனை நான்தான் கொன்றேன், தெரிந்தே. மச்சானையும்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதோடு இன்னொன்றையும் விடாமல் எழுத வேண்டும். இருபத்தாறு வருடம் நான் கேப்டனாகக் கப்பல் ஓட்டியிருக்கிறேன். கடலில் ஒரு உயிர்கூட என்னால் போனதில்லை.