அக்கா பேர்ல இருக்கற வண்டி

இல்லம்மா, கம்ப்யூட்டர் தப்பாப் போடல. அது தப்பாப் போடறதுக்கும் ஒரு ஆள் வேணும், இன்னைக்கு அந்த ஆள் நான்தான். உட்காருங்க. அது வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்த நாற்காலில உட்காருங்க. மேசைல இருக்கற பேரப் பாக்காதீங்க, அது எனக்கு முன்னாடி இருந்தவரோடது. நான் இந்தக் கிளைக்கு மாத்தலாகி வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, எனக்கு இன்னும் பலகை அடிச்சு வரல.

ம், என்ன கேட்டீங்க? போன வருஷப் பேப்பர்ல ஆயிரத்துத் தொள்ளாயிரம், இப்ப ரெண்டாயிரத்து எழுநூறு. அதே வண்டிதான், ஒரு வயசு கூடிருக்கு, அப்ப குறையத்தானே வேணும், ஏன் ஏறுதுன்னு. நல்ல கேள்வி. இங்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும்தான் கேப்பாங்க.

அவசரமா? இன்னைக்கு சனிக்கிழமை, ஒரு மணிக்கு மூடுவோம். இப்பதான் பதினொண்ணரை. திங்கக்கிழமை வேலைல சேரணுமா, எங்க? ஓ, லேப்ல. வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்கற வேலை. எங்க வேலையும் அதுதான், நாங்க ஊசி இல்லாம எடுக்கறோம். சிரிங்க, பரவால்ல. வண்டி உங்க பேருக்கு மாறுதுன்னு எங்க முத்திரை வெச்ச பேப்பர் கைல இருந்தாத்தான் சேத்துப்பாங்க, இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த பேரக் கூப்பிட்டுடுவாங்க. அப்படித்தானே? புரியுது. மூணு வருஷம் வீட்ல சும்மா இருந்துட்டு இப்பதான் கிடைச்சிருக்கு. புரியுதும்மா.

ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டு விலாசத்துக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கிளைதானே கிட்ட? ரெண்டு ஸ்டாப். அத விட்டுட்டு முக்கால் மணி நேரம் ஓட்டி இங்க வந்திருக்கீங்க. அங்க கூட்டமா இருக்கும்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரா. சரி. அங்க போகவே போகாதேன்னு சொன்னாரா. அது இன்னும் சரி.

கணக்குக்கு வர்றேன். இந்தத் தொகை மூணு துண்டு. மொதத் துண்டு எழுநூறு. நீங்க அடுத்தவங்களை இடிச்சா அவங்களுக்குக் குடுக்கறது. இது இன்ஜின் அளவ வெச்சு அரசாங்கம் சொல்ற தொகை. உங்க முகத்தப் பாத்து ஏத்தவும் முடியாது, இறக்கவும் முடியாது. ரெண்டாவது துண்டு முந்நூறு, ஓட்டற சொந்தக்காரருக்கு ஏதாவது ஆச்சுன்னா. மூணாவதுதான் வண்டிக்கு. அடி, திருட்டு, தீ, வெள்ளம். இதுலதான் எல்லா வித்தியாசமும்.

முழு இன்சூரன்ஸ்னு சொல்றோமே, அந்த முழுவ நம்பாதீங்க. டயர், பிளாஸ்டிக் உடைஞ்சா பாதிதான் தருவோம். குடிச்சிட்டு ஓட்டினா கிடையாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினா கிடையாது. பொய் சொல்லி எடுத்த பாலிசின்னா ஒண்ணுமே கிடையாது. முழுசாக் கிடைக்காத பொருளுக்குத்தான் முழுன்னு பேர் வெப்பாங்க, நீங்களும் கவனிச்சிருப்பீங்க.

இப்ப வண்டியோட மதிப்பு. கடைலேர்ந்து வெளிய வந்த அன்னைக்கே இறங்க ஆரம்பிச்சிடும். ஒரு வருஷத்துல இவ்வளவு, ரெண்டு வருஷத்துல இவ்வளவுன்னு அட்டவணை இருக்கு. அஞ்சு வருஷம் ஆனா பாதி போயிடும். உங்களுது ஏழு வருஷ வண்டி. கல்யாணத்துக்கும் இப்படி ஒரு அட்டவணை போட்டு முதல்லயே கைல குடுத்துட்டா நிறைய வீட்ல அழுகையே இருக்காது. அதனால மதிப்பு குறையும், மதிப்பு குறைஞ்சா இந்தத் துண்டும் கொஞ்சம் குறையும். குறைஞ்சிருக்கு. போன வருஷம் ஆயிரத்து எண்ணூறு, இந்த வருஷம் ஆயிரத்து எழுநூறு. பாத்தீங்களா, கம்ப்யூட்டர் யோக்கியமானது.

அப்ப மீதி எங்கேர்ந்து வந்துச்சு? இருங்க, அதுக்குத்தான் வர்றேன்.

ஊருக்கு ஊரு மாறும். நெரிசல் ஜாஸ்தின்னா ஜாஸ்தி. பூட்டு, அலாரம் எல்லாம் வெச்சிருந்தா கொஞ்சம் குறையும். சின்னச் சின்ன அடிக்கு நானே செலவு பண்ணிக்கறேன்னு எழுதிக் குடுத்தா இன்னும் குறையும். சைலென்சர மாத்திருந்தா ஏறும். மாத்தலையே? இல்ல. அவர் சத்தம் வராத வண்டிதான் விரும்புவாரு. நான் பொதுவாச் சொல்றேன், அந்த வயசு ஆம்பளைங்க.

வேலைக்கு ஓட்டப்போறேன்னு மறைக்காம எழுதுங்க. சொந்த உபயோகம்னு எழுதிட்டு ரத்தப் பெட்டியோட விழுந்தீங்கன்னா, பெட்டில இருக்கற லேப் பேரப் பாத்தே எங்க ஆள் திருப்பி அனுப்பிடுவாரு. பாவம் பாக்கறதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்ல.

வண்டிய ஒரு தரம் பாக்கணும். கீழ ஏடிஎம் பக்கத்துல நிக்குதே, நீலம். ஜன்னல்லேர்ந்தே தெரியுது. எழுதிக்கறேன். வலது பக்கக் கண்ணாடி மாத்தினது. டேங்க்ல இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அமுங்கல். ஆமா, இருக்கு. இங்கேர்ந்து இடது பக்கம் தெரியாதுதான். பத்தொன்பது வருஷமா இதே வேலை பாக்கறேன்மா, சில வண்டியப் பாக்காமலேயே தெரியும். அந்த அமுங்கல் எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களா அவர்கிட்ட? பார்க்கிங்ல யாரோ இடிச்சிட்டாங்கன்னாரா. யாரோதான்.

சரி, பழைய சொந்தக்காரர். பேப்பர்ல ஒரு பொம்பளை பேர் இருக்கு. யாரு இவங்க? அவரோட அக்காவா.

அக்கா. சரி.

அக்கா வண்டிய இவர்கிட்ட குடுத்துட்டு வெளியூர் போயிட்டாங்க. நீங்க பாத்தது கிடையாது. கல்யாணத்துக்குக் கூட வரல. கோபமா? ஏதோ சொத்துத் தகராறு. ஒரு வகைல அதுவும் நிஜம்தான். ஆனா பாருங்க, இவ்வளவு கோபத்துலயும் அஞ்சு வருஷமா இன்சூரன்ஸ் அந்த அக்காதான் கட்டிருக்காங்க. ரசீது எல்லாம் அவங்க பேர்ல. ஒவ்வொரு வருஷமும் நகல் இவர் ஆபீசுக்குத் தபால்ல போயிருக்கு. ரொம்பப் பாசம்னு நெனைக்கறீங்களா? பாசமெல்லாம் இல்லம்மா. வண்டி யார் பேர்ல இருக்கோ, யாரை இடிச்சாலும் கோர்ட்டுக்கு அவங்களைத்தான் கூப்பிடுவாங்க. ஓட்டறது ஒருத்தர், பதில் சொல்றது இன்னொருத்தர். அந்த பயத்துல கட்டினது.

இப்ப உங்க எண்ணூறுக்கு வர்றேன். ஒரு வருஷம் பூரா நீங்க எங்ககிட்ட எதுவும் கேக்கலன்னா அடுத்த வருஷம் தள்ளுபடி உண்டு. ரெண்டாவது வருஷமும் கேக்கலன்னா இன்னும் கொஞ்சம். அப்படியே அஞ்சு வருஷம் வாயத் திறக்காம இருந்தீங்கன்னா வண்டித் துண்டுல சரிபாதி. போன வருஷம் ஆயிரத்து எண்ணூறு இருந்த இடத்துல தொள்ளாயிரம்தான் கட்டினாங்க, அதான் மொத்தம் கம்மி. உங்களுக்கு அந்தத் தள்ளுபடி இல்ல, ஆயிரத்து எழுநூறும் முழுசா.

ஏன் இல்லையா? அது வண்டிக்குக் குடுக்கற தள்ளுபடி இல்லம்மா. ஆளுக்குக் குடுக்கறது. வண்டி கை மாறினா வண்டி மட்டும்தான் போகும். சும்மா இருந்ததுக்கான பலன் சும்மா இருந்தவங்ககிட்டயே தங்கிடும். அவங்க நாளைக்கே வேற வண்டி வாங்கினா அதுல வெச்சுக்கலாம். நீங்க முதல்லேர்ந்து சேக்கணும்.

அக்காகிட்ட பேசி வாங்கித் தர முடியுமான்னா கேக்கறீங்க? பேசலாம். அவங்க தரமாட்டாங்க. எனக்குத் தெரியும்.

பேர் மாத்தற ஃபாரம் குடுங்க. ம். விக்கறவர் கையெழுத்து இருக்கு. அக்கா உங்க முன்னாடி போட்டாங்களா? இல்ல, அவர் போய் வாங்கிட்டு வந்தார். எப்ப? வியாழக்கிழமை சாயந்தரம், ஒரு மணி நேரத்துல. வெளியூருக்கு ஒரு மணி நேரத்துல போய்ட்டு வந்திருக்கார், அதுவும் சத்தம் வராத வண்டில.

அழகான கையெழுத்து. கடைசி எழுத்துல வால் இழுத்து ஒரு புள்ளி. அந்தப் புள்ளி நான் வெக்கறதில்லம்மா. வால் மட்டும்தான். ஸ்கூல்லேர்ந்தே அப்படித்தான்.

தண்ணி குடிங்க. அந்த பாட்டில்தான், யாரும் வாய் வெக்கல.

இதோ என் ஆபீஸ் அட்டை. பேரப் படிச்சுப் பாருங்க. ஃபாரத்துல இருக்கறதும் அதுவும் ஒண்ணா இருக்கா? அவருக்கு அக்காவே கிடையாது, ஒரு தம்பி, அவரும் வெளிநாட்டுல. பதினோரு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். கையெழுத்தையாவது ஒழுங்காக் கத்துக்கிட்டிருக்கார்னு பாத்தா, அதுலயும் ஒரு புள்ளி ஜாஸ்தி. நான் இன்னும் ஸ்டேஷன் கிளைலதான் இருக்கேன்னு நெனச்சு உங்களை இங்க அனுப்பிருக்கார். மாத்தலானத அவர்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணல.

டேங்க்ல அந்த அமுங்கல் நான் போட்டது. அவர் பையத் தூக்கிட்டுக் கிளம்பின அன்னைக்கு, ஸ்பானரால. வண்டி நான் வாங்கினது, என் சம்பளத்துல. இருந்தாலும் சொந்தக்காரரே அடிச்சா க்ளெய்ம் கிடையாது. அன்னைக்குக் கை ஓங்கும்போதே எனக்கு விதி ஞாபகம் இருந்துச்சு, அதான் ஒரு அடியோட நிறுத்திட்டேன்.

அழாதீங்க. நனைஞ்சா ஃபாரம் செல்லாது, வேற எழுதணும், ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கிடும். இப்ப ரெண்டு வழி. இதே ஃபாரத்த நான் வாங்கிக்கலாம். நீங்க ரெண்டாயிரத்து எழுநூறு கட்டுவீங்க, பேப்பர் கைல வரும், திங்கக்கிழமை சேந்துடுவீங்க. என்னைக்காவது ஒரு நாள் விழுவீங்க. அன்னைக்கு எங்க ஆள் ஃபைலத் தூக்கிட்டு என்கிட்ட வருவார், இது உங்க கையெழுத்தான்னு கேப்பார். நான் பொய் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.

இல்லன்னா, இதக் கிழிச்சுப் போட்டுட்டுப் புது ஃபாரத்துல நானே போடறேன். நிஜமாத்தான். எனக்கும் லாபம், இனிமே அவர் யாரை இடிச்சாலும் சம்மன் எனக்கு வராது, உங்களுக்கு வரும். எனக்கு வரவேண்டிய தொகைன்னு ஒண்ணும் எழுதல, சும்மாத்தான் தர்றேன். பழைய இரும்புக்கு எடை போட்டாலும் அவ்வளவுதான் வரும்.

கிழிக்கட்டுமா? தலையாட்டினாப் போதும். சரி.

இந்தாங்க, புதுசு. இங்க உங்க பேர், இங்க விலாசம், இங்க வேலைக்கு ஓட்டறதுன்னு. படிக்க முடிஞ்சாச் சரி. இங்க நான். பாத்தீங்களா, புள்ளி இல்ல. முத்திரை ஆச்சு.

ஒரே ஒரு கட்டம் பாக்கி. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பணம் யாருக்குப் போகணும். பழைய ஃபாரத்துல அவர் பேரப் போட்டு, உறவுங்கற இடத்துல கணவர்னு எழுதிருந்தீங்க. பேர எழுதுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா நாங்க கோர்ட்டுக்குப் போகல. விவாகரத்துன்னு அவரும் எதுவும் போடல, நானும் போடல. அதனால அந்த உறவ மட்டும், இந்தாங்க, பென்சில்ல எழுதுங்க.