நீலச் சுடர்

தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் ஐயா, ஒரு கரண்டி பழப்பாகு இருந்தால் போதும். எங்கள் வேலைக்காரி அகாஃப்யாவைக் காவலிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கணப்பு விஷயத்தில் அவள் கவனக்குறைவாக இருந்ததே இல்லை.

என் தம்பி இக்னாத்தியின் பியானோ இசையை மாஸ்கோவில் கேட்காதவர் உண்டா? கீழே தேவாலய மணிபோல் கனத்த சுரங்கள்; மேலே அழுது ஓய்ந்தவன் பேசுவதுபோல் ஒரு மெட்டு. அம்மா இறந்த குளிர்காலத்தில் அவனுக்கு வந்த பாணி அது. ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும்படி எழுதுவான். மெட்டு அவனுக்கு, மணிச் சுரங்கள் எனக்கு.

பிறகு சீமாவைக் கட்டிக்கொண்டு வந்தான். துள்ளாட்ட மெட்டுகளாக எழுதித் தள்ளினான். மணிச் சுரங்கள் வாசிக்க அவளை உட்கார வைத்தான். அவளுக்குப் பாதிச் சுரம் தப்பும், அதற்கும் சிரிப்பான்.

"இது உன் பாட்டே இல்லடா. கல்யாண வீட்டுக் கூத்து" என்றேன்.

"சந்தோஷமா இருக்கேன்க்கா. அதுக்கும் உன்கிட்ட கேக்கணுமா?" என்றான்.

நான் சண்டை போடவில்லை. ஒரு கலைஞன் பாழாவதைப் பார்த்து வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அன்று மதியம் அவன் ஒத்திகைக்குப் போயிருந்தான். சீமா தலைவலியென்று படுத்திருந்தாள். அவள் அறைக் கணப்பில் விறகு கங்காகியிருந்தது. கங்கின்மேல் நீலச் சுடர் ஆடி அடங்கும்வரை புகைபோக்கித் தகட்டை மூடக்கூடாது. மூடினால் விஷக்காற்று அறைக்குள் இறங்கும். இங்கே நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும்.

"குளிருதுக்கா."

"இப்ப சூடாயிடும்மா. கண்ண மூடிக்கோ."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். நீலச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. தகட்டை மூடினேன், கதவையும் சாத்தினேன். பக்கத்து அறையில் உட்கார்ந்து இக்னாத்திக்குக் காலுறை பின்னினேன். ஒருமுறை "அக்கா" என்று கூப்பிட்டாள். கண்ணி தவறிவிடும் என்று நான் எழுந்திருக்கவில்லை.

இசைக்காகத்தான் செய்தேன். நான் நினைத்தது வீண்போகவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே பியானோ முன் உட்கார்ந்தான். அதே பழைய பாணி, முன்பைவிட ஆழம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனுக்கு இடப்பக்கம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்து மணிச் சுரங்களில் கை வைத்தேன்.

"அது சீமா இடம்க்கா" என்று பியானோவை மூடிவிட்டான்.

எனக்கு வேறு குறையில்லை, ஐயா. சீமா வருவதற்கு முன்பே அந்த இடம் என்னுடையது. அதை மட்டும் அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள்.