ஆட்காட்டிக் குஞ்சு

காலைத் தூக்காதீங்க சார். அப்படியே நில்லுங்க. இல்ல இல்ல, நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. பறவை பாக்குற நடை இந்தக் குளத்தங்கரையிலதான் ஆரம்பிக்குது, ஆறரைக்கு. நீங்கதான் மொத ஆளு. கூட்டிட்டுப் போறது நான்தான். இந்தப் பொண்ணான்னு பாக்குறீங்க, தெரியுது.

பெருசா ஒண்ணுமில்ல சார். தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துதே, அது ஆட்காட்டி. அதோட குஞ்சு ஒண்ணு உங்க காலடியில எங்கயோ பதுங்கியிருக்கு. தாய் கத்துனா போதும், குஞ்சு இருந்த இடத்துலயே கல்லு மாதிரி படுத்துக்கும். சருகு எது, குஞ்சு எதுன்னு நமக்குத் தெரியாது. நீங்க ஒரு எட்டு வச்சா அது மேலயே வச்சாலும் வச்சிருவீங்க. கத்தல் நின்னுச்சுன்னா அதுவா எந்திரிச்சு ஓடிடும். அதுவரைக்கும்தான். குனிஞ்சு தேடாதீங்க சார். என் மூஞ்சியப் பாருங்க.

பேசலாம், தாராளமாப் பேசலாம். சத்தம் ஒண்ணும் பண்ணாது. தரை அதிரக் கூடாது, அவ்வளவுதான்.

பதட்டமா இருக்கேனா? ஆமா. இன்னைக்குத்தான் சார் எனக்கு மொத நடை. எங்க பறவைச் சங்கத்துல இந்த சனி ஞாயிறு ரெண்டு நாளும் பொதுமக்களுக்காக வச்சிருக்கோம்ல, நேத்து எல்லாத்தையும் செயலாளரே நடத்துனாரு. நான் பின்னாடியே நோட்டைத் தூக்கிக்கிட்டுப் போய், அவரு சொல்லச் சொல்ல எழுதுனேன், அதோட சரி. சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல். நாளைக்கு நீயே பாத்துக்கம்மா, பறவை தன்னைத் தானே பாத்துக்கும், நீ வர்ற ஆளுங்களைப் பாத்துக்கோன்னு ஃபோன்ல சொல்லிட்டாரு. முப்பது பேரு பேரு குடுத்திருக்காங்க. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன் சார். எல்லாருக்கும் வணக்கம்னு வருது, அதுக்கப்புறம் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. எங்க வீட்டுல காலேஜ் வாசப்படி ஏறுன மொத ஆளு நான். நாலு பேரு முன்னாடி எப்படிப் பேசுறதுன்னு வீட்டுல யாரைப் பாத்துக் கத்துக்கிறது? எங்கப்பாவுக்குக் கட்டட வேலை. பட்டம் வாங்கிட்டுக் காக்கா எண்ணப் போறா எம் பொண்ணுன்னு சாரத்துல நின்னுக்கிட்டு ஊருக்கே சொல்லிச் சிரிப்பாரு.

சார், இடது காலு. கொசு கடிச்சா கடிச்சிட்டுப் போகட்டும். சொறிய வேணாம். ப்ளீஸ்.

ஷூ போட்டுட்டு வாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தோமே சார். பரவால்ல, உங்களைச் சொல்லல. நேத்தும் பாதிப் பேரு செருப்புதான். நோட்டீஸ்ல நேரத்தை மட்டும்தான் படிக்கிறாங்க.

பறவை மேல எப்படி ஆசை வந்துச்சா? எங்க அத்தையாலதான். அப்பாவோட அக்கா. அவங்களுக்கு ஒரு காலு முழங்காலுக்குக் கீழ கிடையாது. அது ஒரு விபத்து, அதை விடுங்க. எப்பவும் ஜன்னலோரமாத்தான் இருப்பாங்க. நானும் ஸ்கூல் விட்டா விளையாடப் போறதில்ல, அவங்க பக்கத்துலயே உக்காந்துக்குவேன். யாரு கூப்பிட்டாலும் போக மாட்டேன். வேற என்ன செய்றது, ரெண்டு பேரும் வெளியிலயே பாத்துக்கிட்டிருப்போம். வாலை ஆட்டி ஆட்டி நடக்குமே ஒரு குருவி, அதுக்கு அத்தை வச்ச பேரு மேனேஜர். அங்கயும் இங்கயும் நடக்குமாம், ஒரு வேலையும் ஆகாதாம். அதோட புத்தகத்துப் பேரு காலேஜுக்கு வந்தப்புறம்தான் எனக்குத் தெரியும். இப்பவும் நோட்டுல மேனேஜர்னுதான் கை எழுதப் போகும்.

ஃபோன் அடிக்கட்டும் சார், எடுக்காதீங்க. பாக்கெட்டுக்குக் கை போனா உடம்பு சாயும். அடிச்சு ஓயட்டும். உங்க வீட்டம்மாவா இருந்தா நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்குறேன்.

கொஞ்சம் இருங்க, கேட் பக்கமா ஆளுங்க வர்றாங்க. இல்ல, நீங்க திரும்பாதீங்க. நான் கையக் காட்டுறேன். அங்கயே நில்லுங்க, யாரும் வராதீங்க. நின்னுட்டாங்க. அப்பாடா. அவங்களை ஏன் நிறுத்தணுமா? அத்தனை பேரும் திமுதிமுன்னு வந்தா தரை அதிரும்ல.

மூஞ்சியப் பாருங்கன்னு உங்களுக்குச் சொல்லிட்டு நான் உங்க காலையே பாக்குறேனா? கூச்சம் சார். புது ஆளுங்கன்னா எனக்குத் தலை நிமிராது. வேர்க்கிறதும் அதனாலதான்.

சிரிக்கிறீங்க. ஒரு குஞ்சுக்கு இந்தப் பாடான்னு நினைக்கிறீங்க. ஒரு உயிருக்குத்தான் சார். இன்னும் கொஞ்சம். கொஞ்சமே கொஞ்சம். மூச்சை மெதுவா விடுங்க. ம். அந்தப் பக்கமா... போகுது. ம்.

கத்தல் நின்னுடுச்சு, கேட்டீங்களா? இப்ப வலது காலு மொதல்ல. என் பக்கமா. கையப் பிடிச்சுக்குங்க. இன்னொரு எட்டு. இன்னும். ஆங். வாங்க, இந்த பெஞ்சுல உக்காருங்க. இந்தாங்க, தண்ணி. குடிச்சிடுங்க மொதல்ல.

குஞ்சு எங்கயா? குஞ்சு இல்ல சார். முட்டை இன்னும் பொரிக்கவே இல்ல, அது அந்த மேட்டுக்கு அந்தாண்ட பத்திரமா இருக்கு. உங்க ரெண்டு செருப்புக்கும் நடுவுல கிடந்தது விரியன். அந்தப் புதரைப் பாருங்க, வாலு உள்ள போகுது. ஆட்காட்டி நம்மளப் பாத்துக் கத்தல, அதைப் பாத்துத்தான். உக்காருங்க சார், எந்திரிக்காதீங்க. போயிடுச்சு. வாட்ச்மேனுக்குச் சொல்லிடுறேன், பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிடுவாரு. நம்ம நடைய மறுகரையில வச்சுக்கலாம்.

பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. பாம்புன்னு சொல்லியிருந்தா குதிச்சிருப்பீங்க. யாரா இருந்தாலும் குதிப்பாங்க. எங்க அத்தை குதிச்சாங்க. களை பறிச்சிக்கிட்டிருந்தாங்க, அது பாட்டுக்குப் பக்கத்துல படுத்திருந்துச்சு. அத்தை, பாம்புன்னு ஒரு கத்தல். பதறி அடிச்சுக்கிட்டு நேரா அது மேலயே குதிச்சிட்டாங்க. அது கடிச்சதுல போனதுதான் அந்தக் காலு. ஒரு நாள்கூட அவங்க அதைச் சொல்லிக் காட்டுனதில்ல. எனக்கு அப்ப எட்டு வயசு சார். கத்துனது நான்தான்.

சரி, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. இந்தாங்க நோட்டு, பேரை எழுதுங்க. நீங்கதான் மொத ஆளு.