முப்பத்தெட்டுத் தலைக்கு ஒரு வெப்சைட்

அட, திருட்டு சாஃப்ட்வேர் இல்லீங்க தம்பி. சத்தியமா ஃப்ரீ. ஓப்பன் சோர்ஸு, பல பேரு சேந்து செஞ்சு பொதுவுல விட்டது. ஏன் சிரிக்கிறீங்க? பிளக்ஸ் கடைக்காரன் வாயில அந்த வார்த்த வரக்கூடாதா? உக்காருங்க, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. ஒங்க காதுகுத்து பேனர் ஓடி முடிஞ்சிருச்சு, மை காயணும். இப்பவே சுருட்டுனா தாய்மாமன் மூஞ்சி போயி சீர்வரிசைத் தட்டுல ஒட்டிக்கும். அதுவரைக்கும் எனக்கு ஒரு ஒதவி பண்ணுங்க. நீங்க சென்னையில கம்ப்யூட்டர் வேலதானே? இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் எழுதித் தாங்க. வெப்சைட் போடற இந்த சாஃப்ட்வேர் செஞ்சவங்களுக்குப் போகணும். போயிச் சேந்தே ஆகணும், எனக்கு வேற வழி கெடையாது. நாலு நாளா நானும் எழுதிப் பாக்குறேன், டியர் சாருக்கு மேல ஓட மாட்டேங்குது.

என்ன மெசேஜா? மொதல்லேருந்து கேட்டாத்தான் ஒங்களுக்கு எழுத வரும்.

நம்ம கடைமடையில விவசாயிங்க பதினஞ்சு பேரு சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. மேக்கால இருக்கவங்க எல்லாருக்கும் பாய்ஞ்சு மிச்சம் வர்ற தண்ணியில கருப்புக் கவுனி, சீரகச் சம்பான்னு வெளைய வெச்சு, அரிசிய நேரா பட்டணத்துக்காரங்களுக்கே விக்கப் போறோம், வெப்சைட் போட்டுக் குடுன்னு வந்து நின்னாங்க. யார்கிட்ட? என்கிட்ட. ஏன்னா இருவது வருஷமா இந்த ஊர்ல கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாத்துக்கும் தல வெட்டுறது நான்தான். பயந்துறாதீங்க, போட்டோவுல! பின்னாடி இருக்கற சொவத்த அழிச்சிட்டு தலைய மட்டும் பிசிறில்லாம எடுக்கறது. இராஜாங்கம் வெட்டுனா ஒத்த முடி அசையாதுன்னு பேரு. ஒரே ஒரு தடவதான் தப்பு விட்டேன். பிளஸ் டூவுல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த ஒரு பொண்ணுக்கு, பஸ் ஸ்டாண்டுல இருவதுக்குப் பத்து பேனர். அவசரத்துல எடது காது ஜிமிக்கிய சேத்து வெட்டிட்டேன். ஊரே அண்ணாந்து பாத்துச்சு, ஒருத்தருக்கும் தெரியல. அந்தப் பொண்ணு மட்டும் கண்டுபிடிச்சு, ஒரு வாரம் என்னக் கிண்டல் பண்ணுச்சு. அது கெடக்கட்டும்.

மொதல்ல ஒரு வெளிநாட்டுக் கம்பெனில பக்கம் போட்டேன். ஒரு வருஷம் ஓடுச்சு. திடீர்னு அவன் கடையச் சாத்திட்டுப் போயிட்டான். சங்கத்துல அரிசி விக்கலேன்னு யாரும் அழுவல, எங்க தலைங்களக் காணோம்னு கடைக்கு வந்துட்டாங்க. அப்பத்தான் சபதம் போட்டேன், இனிமே எவனும் சாத்த முடியாத ஒண்ணுதான் வேணும். கோடு எழுதத் தெரியாது எனக்கு. பேனர் டிசைன் பண்ற கோரல்ல இழுத்து வெக்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரியணும், மவுஸ்ல இழுக்கணும், விடணும். தேடுனேன் பாருங்க ரெண்டு மாசம், மண்ட காஞ்சு போச்சு. ஒண்ணு ஃப்ரீன்னு கூப்பிட்டு உக்கார வெச்சு, சேவ் பண்ணப் போனா கார்டு நம்பர் கேக்குது. இன்னொண்ணத் தொறந்தா வெறும் கறுப்புத் திரை, ஒரு கோடு மினுக்கு மினுக்குங்குது, ஒரு மணி நேரம் நானும் அதுவும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். இன்னொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. அதச் செஞ்ச ஆளு ஏழு வருஷத்துக்கு முன்னாடியே அம்போன்னு விட்டுட்டானாம், ஜனங்க இன்னும் அங்க போயி சந்தேகம் கேட்டுக்கிட்டு நிக்கிது.

இருங்க, சாத்திட்டுப் போனானே அந்தப் பழைய பக்கம், அதுல நடந்ததுதான் கூத்தே. சங்கத்துல உறுப்பினர் பதினஞ்சு, பக்கத்துல தல முப்பத்தெட்டு. எப்படியா? மருமவனப் போடாட்டி மவ கோச்சுக்கும், சம்பந்தியப் போடாட்டி சம்பந்தி கோச்சுக்குவாரு. நெல்லு படத்த எங்கய்யா வெக்கிறதுன்னு கேட்டேன். அது ஓரமா இருக்கட்டும், மொதல்ல தலைவரப் போடுன்னாங்க. தலைவர் மருதையன், செயலாளர் சந்தானகிருஷ்ணன் சாரு. ரெண்டு தலையும் சரிசமம், ஒரு நூலு கூடக் கொறைய இருக்கப்படாது. ஸ்கேல் வெச்சு அளந்து பக்கத்துல பக்கத்துல வெச்சேன். மறுநா காலையில சாரு போனத் தூக்கிக்கிட்டு ஓடியாறாரு. போன்ல பாத்தா அது எல்லாத் தலையையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கிருச்சு தம்பி! மருதையன் மேல, சாரு அவரு தாடைக்குக் கீழ. என்ன அவன் காலடியில போட்டுட்டியேய்யான்னு குதிக்கிறாரு. ஒங்க போன் சின்னது சார்னு சமாளிச்சேன். மனுஷன் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போயி, அகலமா ஒரு டேப் வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. அப்புறம் அதுல மட்டும்தான் பாத்தாரு, சந்தோஷமா இருந்தாரு. ஆர்டர் பட்டனா? முப்பத்தெட்டாவது தலைக்கு அடியில இருந்துச்சு. கோயமுத்தூர்லேருந்து ஒருத்தர் தள்ளித் தள்ளி அங்க வரைக்கும் போயி ரெண்டு கிலோ கேட்டிருக்காரு. புண்ணியவான்.

ஆமா, அந்தச் சொவத்துல மாட்டியிருக்கே, அது என் மவன் அறிவுச்செல்வன் கல்யாண பேனர். நாப்பத்தொரு தல, ஒத்தப் பிசிறு பாக்க முடியாது. ரெண்டாவது வரிசையிலயா? அது பூங்கொத்து. சும்மா, பாலன்ஸுக்கு வெச்சது. ஆளு இருக்க வேண்டிய எடம் மாதிரித் தெரியுதா? நல்ல கண்ணுங்க ஒங்களுக்கு. இந்தாங்க, டீ ஆறுது.

கடைசியா போன வாரந்தான் இது கெடைச்சுது. இங்க பாருங்க. புடிச்சு இழுத்தா வருது, விட்டா நிக்கிது. தமிழ் தெரியிது. காசு கேக்கல, கார்டு கேக்கல. இவ்வளவு நல்லது பண்ணிட்டு எவன்டா சும்மா குடுக்கறான்னு கீழ தட்டிப் பாத்தேன். செஞ்சவங்க படமெல்லாம் ஒரு பக்கம் பூரா வட்ட வட்டமா போட்டிருக்கு. எரநூறு தல இருக்கும் தம்பி. அத்தனையும் ஒரே சைசு! தலைவர் யாரு, உபயம் யாருன்னு ஒண்ணும் தெரியல. நம்ம சங்கத்துக்காரங்களுக்குக் காட்டுனா மயக்கம் போட்டு விழுந்துருவாங்க. எனக்கும் தொழில் புத்தி, எவன் எப்படி வெட்டியிருக்கான்னு ஒவ்வொரு தலையாப் பாத்துக்கிட்டே போனேன். அப்படியே கைய எடுத்துட்டேன்.

சரி, எழுதுறீங்களா? இதுல ஒரே ஒரு கோளாறு. எழுத்தத் தடிப்பாக்குனா, தலைவர்ல ஐகாரக் கொம்பும் சம்பாவுல காலும் பிச்சுக்கிட்டுத் தனியா நிக்கிது. அத நல்ல இங்கிலீஷ்ல போடுங்க. போட்டுட்டீங்களா? அப்புறம், மத்தபடி ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கன்னு போடுங்க. ரொம்பங்கறத ரெண்டு தடவ போடுங்க. கடை அதே எடத்துலதான் இருக்கு, போன் நம்பரும் மாத்தல, அதே நம்பர்தான்னு போடுங்க. அவங்களுக்கு எதுக்கா? போடுங்க தம்பி, சொல்றேன்.

நாலாவது வரிசை, ரெண்டாவது வட்டத்தக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க. இன்னும். எடது காதப் பாருங்க. ஜிமிக்கி இருக்கா? நான் வெட்டுன படம் அது. என் பொண்ணு, அறிவுமதி. பெங்களூர்ல இருக்கா. அவளே ஒரு பையனப் பாத்துக் கட்டிக்கிட்டா, ஆறு வருஷமாச்சு. அவ போன் பண்ணுனப்பல்லாம் நான் எடுக்கல, அப்புறம் அவ நம்பர மாத்திட்டா. புது நம்பர் வீட்டுக்காரிகிட்ட இருக்கும். கேட்டா என் கெத்து என்னாகறது? அண்ணன் கல்யாண பேனர்ல அவ தலையத் தூக்கிட்டுப் பூவ வெச்சவன் நான். அவ என்னடான்னா, எத்தன நல்ல போட்டோ எடுத்திருப்பா, இந்தக் கோணக் காதத்தான் ஒலகத்துக்கே காட்டிக்கிட்டு இருக்கா.

கீழ பேரா? இராஜாங்கம்னு... வேணாம், அப்பான்னு போடுங்க. தமிழ்லயே அடிங்க. மத்த நூத்தித் தொண்ணுத்தொம்பது பேருக்குப் புரியாட்டிப் போவுது. தடிப்பாக்கிடாதீங்க, பிச்சுக்கும்.