இன்னைக்கும் மேகம்தான்

ஞானம்மா: மெதுவாங்க... கல்லு கெடக்கு.

பிச்சையா: தெரியுது, தெரியுது. பொண்டாட்டி கையப் பிடிச்சுக்கிட்டுப் போறான்னு சிரிக்கப் போறாக.

ஞானம்மா: யாருக்குத் தெரியப் போகுது? மேகம் எறங்கிக் கெடக்கு. எனக்கே ஆசுபத்திரி வாசல் தெரியல.

பிச்சையா: பஸ் ஏறும்போதும் மேகம்னுதான சொன்ன.

ஞானம்மா: பூம்பாறையில இருந்து கூடவே வருது, என்ன செய்ய? சரி, டாக்டர் வெரலக் காட்டுனா...

பிச்சையா: தெரியலங்கணும்.

ஞானம்மா: போன வருசம் மாதிரி...

பிச்சையா: ஆரம்பிச்சுட்டியா.

ஞானம்மா: "மூணு"ன்னு கணீர்னு சொன்னீகளே! "ஒனக்குப் பார்வை இருக்குய்யா, சர்டிபிகேட் கெடையாது"ன்னு அனுப்பிட்டாரு.

பிச்சையா: சரியாத்தான சொன்னேன்?

ஞானம்மா: அதுதேன் வெனையாப் போச்சு. சர்க்கார் ஆபீசுல நூத்துல ஒரு வேல கண்ணு தெரியாதவுகளுக்குன்னு சட்டம் போட்டிருக்கு. பாதி தெரிஞ்சவுகளுக்கு அதுல எடமில்ல. மதுரையில நாக்காலிக்குப் பிரம்பு பின்னுற சோலி... ஒங்க கைக்கு அது பெரிசா?

பிச்சையா: ரேடியோவுல இது ஊனமுத்தவுக வருசம்னாக.

ஞானம்மா: அப்புறமென்ன? இந்த வருசமாச்சும் நமக்கு ஆகட்டும்.

பிச்சையா: பொய் சொல்லி வாங்குற வேல ஒடம்புல ஒட்டுமா புள்ள?

ஞானம்மா: பூண்டுக் காட்டுல நா ஒருத்தி குனிஞ்சு வாங்குற கூலி மட்டும் ஒட்டுதாக்கும்? ஏன் நின்னுட்டீக, கோவமா?

பிச்சையா: இல்ல. மூச்சு வாங்குது... செத்த நில்லு.

ஞானம்மா: வெரசா வாங்க, வரிச நீண்டுரும்.

பிச்சையா: ஒண்ணு கேக்கவா? மேகம் எறங்குனா மூஞ்சி நனையுமில்ல?

ஞானம்மா: ...நனையும்.

பிச்சையா: முதுகு சுடுதே புள்ள. இன்னைக்கு மேகமே இல்ல... அப்படித்தான?

ஞானம்மா: இல்லங்க. நல்ல வெயிலு.

பிச்சையா: எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு எப்பக் கண்டுபிடிச்ச?

ஞானம்மா: போன கார்த்திகைக்கு வாசல்ல எரிஞ்ச வெளக்க மிதிச்சீகளே... அன்னைக்கு. நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்.

பிச்சையா: நீ மேகம் மேகம்னு சொல்லும்போது நா என்னத்தச் சொல்ல?

ஞானம்மா: அப்பப் பொய்யில்ல. உள்ள போயி உள்ளதச் சொன்னாப் போதும்.

பிச்சையா: ம்... உள்ளதுதேன் வாயில வரமாட்டேங்குது.

ஞானம்மா: இருங்க... போன வருசம் அந்த மூணு வெரலு?

பிச்சையா: அப்பவுந் தெரியல. வாய்க்கு வந்ததச் சொன்னேன், பலிச்சுருச்சு. நீ பக்கத்துலயே நின்ன புள்ள... ஒனக்குக் கேக்கட்டும்னு.